காலியாக விடமுடியாத கட்டம்

விண்ணப்பத்தின் கடைசி நாள், இரவு பதினொன்றரை மணி. ஆய்வு மாணவி ஒருவர் உதவித்தொகைப் படிவத்தின் எல்லாப் பக்கங்களையும் நிரப்பிவிட்டு இறுதிப் பக்கத்துக்கு வருகிறார். அங்கே ஒரு சிறிய சதுரக் கட்டம். அதன் அருகே மூன்று செய்திகள்: விவரங்கள் அனைத்தும் உண்மை, விதிமுறைகளை ஏற்கிறேன், என் விவரங்களைப் பிற அமைப்புகளுடன் பகிர்ந்துகொள்ளச் சம்மதிக்கிறேன். செய்திகள் மூன்று, கட்டம் ஒன்று. குறியிடாதவரை சமர்ப்பிக்கும் பொத்தான் உயிர்பெறாது. அவர் குறியிடுகிறார். அந்தக் கணம் முதல் தரவுத்தளத்தில் அவர் 'சம்மதம் தெரிவித்தவர்'.

அவர் எதற்குச் சம்மதித்தார்? 'இல்லை' என்று சொல்ல வழியே இல்லாத இடத்தில் பெறப்படும் 'ஆம்' என்பதற்கு என்ன பொருள்? ஒரு கட்டத்தில் இடப்படும் சரிக்குறிக்கு மதிப்பு வருவதே, அதைக் காலியாகவும் விட்டிருக்கலாம் என்ற வாய்ப்பால்தான். அந்த வாய்ப்பைப் பறித்த பிறகு எஞ்சுவது கேள்வியின் தோற்றம் மட்டுமே.

இந்தியக் கல்வி நிறுவனங்களின் இணையப் படிவங்களோடு மல்லுக்கட்டியவர் எவருக்கும் இக்காட்சி புதிதன்று. கணினிப் பிரிவின் கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்தப் படிவத்தை எழுதிய நிரலாளரும் ஏதோ ஒரு கல்லூரியில் கற்றவர்தான். அவருக்குக் கற்பிக்கப்பட்டது என்ன?

வரைகலை இடைமுக ஆய்வக வகுப்பில் தேர்வுப்பெட்டிக்கு, அதாவது செக்பாக்ஸுக்கு, கிடைப்பது ஒரு பயிற்சியின் ஒரு பகுதி. ஜாவா ஸ்விங் என்றால் ஜேசெக்பாக்ஸ் வகுப்பிலிருந்து ஒரு பொருளை உருவாக்கு, தலைப்பைக் கொடு, சாளரத்தில் சேர், நிகழ்வைக் கவனிக்கும் நிரலை இணை. பைத்தானின் டிகின்டர் என்றால் ஒரு செக்பட்டன், அதனுடன் ஒரு மாறி. எச்டிஎம்எல் என்றால் இன்புட் என்ற ஒரே குறிச்சொல், அதன் டைப் பண்புக்குச் செக்பாக்ஸ் என்ற மதிப்பு. பதிவேட்டில் நிரலும் திரைப்படமும் ஒட்டப்படும், ஆசிரியர் கையொப்பமிடுவார். வாய்மொழித் தேர்வில் ரேடியோ பொத்தானுக்கும் செக்பாக்ஸுக்கும் வேறுபாடு கேட்கப்படும். 'அதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம், இதில் பலவற்றைத் தேர்ந்தெடுக்கலாம்' என்றால் முழு மதிப்பெண்.

கட்டத்தை உருவாக்கக் கற்பிக்கிறார்கள், அமைக்கக் கற்பிப்பதில்லை. திறக்கும்போது கட்டம் காலியாக இருக்குமா, குறியிடப்பட்டே இருக்குமா? குறியிடாமல் அடுத்த பக்கம் செல்லலாமா? அருகில் எத்தனை வாக்கியங்கள் இருக்கலாம்? காலியாக விட்டால் கணினி எதைப் பதிவு செய்யும்? பாடநூலில் இவை பண்புகளின் பட்டியலில் ஒற்றை வரிகளாகக் கடந்துபோகின்றன. படிவத்தை நிரப்புபவருக்கோ, ஒவ்வொன்றும் தம் விருப்பத்தைப் பற்றி வேறொருவர் முன்கூட்டியே எடுத்துவிட்ட முடிவு.

முதலில் தொடக்க நிலை. எச்டிஎம்எல்லில் 'செக்ட்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், கட்டம் குறியோடு திறக்கும். ஒரு சொல் என்ன செய்துவிடும் என்பவர்கள் எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டீனும் 2003இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய உறுப்புக்கொடை பற்றிய கட்டுரையைப் படிக்கட்டும். விருப்பம் உள்ளவர் பதிவு செய்ய வேண்டிய ஜெர்மனியில் சம்மத விகிதம் 12 விழுக்காடு. விருப்பம் இல்லாதவர் மட்டுமே தெரிவிக்க வேண்டிய ஆஸ்திரியாவில் 99.98 விழுக்காடு. இரண்டும் அண்டை நாடுகள். பேசும் மொழியும் ஒன்றே. அங்கே ஈகைக் குணத்தில் அத்தனை பெரிய வேற்றுமை இருக்க வாய்ப்பில்லை. வேறுபட்டது, வாய்திறவாதவரின் மௌனத்துக்குச் சட்டம் கொடுத்த பொருள்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது பழைய வழக்கு. கட்டங்களைப் பொறுத்தவரை அது செல்லாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று பிளானெட்49 வழக்கில் தீர்ப்பளித்தது. முன்கூட்டியே குறியிடப்பட்ட கட்டத்தைப் பயனர் நீக்காமல் விட்டதைச் சம்மதமாகக் கொள்ள முடியாது; அவர் அதைப் படித்தாரா என்பதே தெரியாதபோது சம்மதம் எங்கிருந்து வரும்? இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது. அதன் 6ஆம் பிரிவின்படி சம்மதம் சுதந்திரமானதாகவும், குறிப்பானதாகவும், விவரம் அறிந்து அளித்ததாகவும், நிபந்தனையற்றதாகவும், ஐயத்துக்கு இடமற்றதாகவும், தெளிவான ஒரு செயலால் வெளிப்பட்டதாகவும் இருக்க வேண்டும். இந்த ஆறு நிபந்தனைகளையும் எடுத்துக்கொண்டு தம் நிறுவனத்தின் சேர்க்கைப் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் துணிவு எத்தனை பதிவாளர்களுக்கு உண்டு?

அடுத்தது கட்டாயம். 'ரெக்கொயர்டு' என்ற பண்பைச் சேர்த்தால் குறியிடாத படிவத்தை உலாவியே தடுத்துவிடும். இதில் தவறான பயன்பாடும் உண்டு, சரியான பயன்பாடும் உண்டு. இரண்டையும் பிரித்தறியாததே சிக்கல். 'விவரங்கள் உண்மை' என்பது உறுதிமொழி. விண்ணப்பிப்பவர் அதைத் தந்தே ஆக வேண்டும். அதைக் கட்டாயமாக்குவதில் பிழையில்லை. 'பகிர்ந்துகொள்ளச் சம்மதிக்கிறேன்' என்பதோ ஒரு வேண்டுகோளுக்கான விடை. வேண்டுகோளைக் கட்டாயமாக்கினால் அது கட்டளையாகிவிடும். இரண்டையும் ஒரே கட்டத்தில் கட்டிப்போடும்போது, உறுதிமொழியின் நியாயமான கட்டாயம் வேண்டுகோளின் மீதும் திருட்டுத்தனமாக ஏறிக்கொள்கிறது.

மேற்சொன்ன சட்டமே இதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தந்திருக்கிறது. தொலை மருத்துவச் செயலி ஒன்று, சிகிச்சைக்குத் தேவையான தரவோடு கைப்பேசியின் தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது; பயனர் இரண்டுக்கும் சம்மதிக்கிறார். தொடர்புப் பட்டியல் சிகிச்சைச் சேவைக்குத் தேவையற்றது என்பதால், அந்தச் சம்மதம் சேவைக்கு வேண்டிய தரவோடு நின்றுவிடும் என்கிறது சட்டம். பட்டியலின் இடத்தில் பெற்றோரின் கைப்பேசி எண்ணையோ மாணவரின் சமூக ஊடகக் கணக்கையோ வைத்துப் பார்த்தால் போதும். எத்தனை கல்லூரிப் படிவங்கள் அந்த எடுத்துக்காட்டுக்குள் அடங்கிவிடும் என்பது விளங்கும்.

செக்பாக்ஸின் இயல்பான நற்குணம், இட்ட குறியை இன்னொரு சொடுக்கில் எடுத்துவிடலாம் என்பது. சமர்ப்பித்த மறுகணமே அந்தக் குணம் மறைந்துவிடுகிறது. சம்மதம் அளிப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அதற்கு ஒப்ப எளிதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அளிப்பதற்கு ஒரு சொடுக்கு. திரும்பப் பெறுவதற்கோ முகவரியே தெரியாத அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம்.

மூன்றாவது, கட்டத்தின் அருகிலிருக்கும் சொற்கள். 'தகவல்களைப் பெற விரும்பவில்லை எனில் குறியை நீக்கவும்' என்ற வாக்கியத்தை ஒருமுறை படித்துப் புரிந்துகொள்பவர் எத்தனை பேர்? எதிர்மறையின் மேல் எதிர்மறையை அடுக்குவது பல வேளைகளில் மொழித்திறக் குறைவால் நேர்வது. சில வேளைகளில் தெரிந்தே செய்வது. அந்த வாக்கியமும் ஆங்கிலத்தில் மட்டுமே கிடைக்கிறது. சம்மதக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதும் இதே சட்டத்தின் விதிதான்.

சொற்களைக் கட்டத்தோடு இணைப்பதிலும் ஓர் அறம் உண்டு. எச்டிஎம்எல்லில் 'லேபிள்' என்ற குறிச்சொல் அதற்காகவே இருக்கிறது. அதை முறையாக இணைத்தால், வாக்கியத்தைச் சொடுக்கினாலும் கட்டத்தில் குறி விழும். கை நடுங்குபவருக்கும் சிறுதிரைக் கைப்பேசி வைத்திருப்பவருக்கும் அது பேருதவி. என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் வழியே படிக்கும் பார்வையற்ற மாணவருக்கு, எதற்கான கட்டம், குறியிடப்பட்டதா இல்லையா என்ற இரண்டும் காதில் விழும். இணைக்காமல் விட்டால் எதைப் பற்றியது என்றே தெரியாத ஒரு 'செக்பாக்ஸ்' என்ற ஒலி மட்டும் மிஞ்சக்கூடும். அழகுக்காக உண்மையான கட்டத்தை அகற்றிவிட்டு வெறும் சதுரப் படத்தை வரைந்து வைக்கும் பக்கங்களில், தனியே நிரல் எழுதாவிட்டால் விசைப்பலகையால் அதை எட்டவும் முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தும் துறைகள், அந்தக் கருத்தரங்கின் பதிவுப் படிவத்தை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிப் பார்க்கலாம்.

நான்காவது, காலியான கட்டத்தின் பொருள். ஆய்வுலகம் அதிகம் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். குறியிடப்பட்ட கட்டம் தன் பெயரையும் மதிப்பையும் வழங்கிக் கணினிக்கு அனுப்பும். குறியிடாத கட்டம் எதையுமே அனுப்பாது. வந்தால் 'ஆம்', வராவிட்டால் 'இல்லை' என்று நிரலாளர் எழுதிவிடுகிறார். படித்துப் பார்த்து மறுத்தவர், கவனிக்காமல் கடந்தவர், பழைய பதிப்பில் அந்தக் கேள்வியே இல்லாததால் கேட்கப்படாதவர் ஆகிய மூவரும் அட்டவணையில் ஒரே சுழியமாகிறார்கள்.

கூகுள் படிவத்தில் 'பொருந்துவன அனைத்தையும் தேர்ந்தெடுக்கவும்' என்று கேட்டுவிட்டு, குறியிடாதவற்றையெல்லாம் 'இல்லை' என எண்ணி விழுக்காடு போடும் ஆய்வேடுகள் இப்படித்தான் பிறக்கின்றன. ஜோலின் ஸ்மித், டான் டில்மன் உள்ளிட்ட நால்வர் 2006இல் 'பப்ளிக் ஒப்பீனியன் குவார்ட்டர்லி' இதழில் இவ்வடிவத்தையும், ஒவ்வொன்றுக்கும் 'ஆம்', 'இல்லை' கேட்கும் வடிவத்தையும் ஒப்பிட்டார்கள். பின்னதில் மக்கள் கூடுதல் நேரம் செலவிட்டார்கள். கூடுதலான கூற்றுகளுக்கு 'ஆம்' என்றார்கள். அதாவது முன்னதில் காலியாகக் கிடந்த கட்டங்கள் எல்லாம் மறுப்பு என்று கொள்வதற்கில்லை. மூன்றாம் நிலை ஒன்று செக்பாக்ஸுக்கு உண்டே என்று சிலர் சொல்லக்கூடும். விஷுவல் பேசிக்கின் பழைய கட்டத்தில் சுழியமும் ஒன்றும் போக, சாம்பல் நிறத்துக்கு இரண்டு என்ற மதிப்பும் இருந்தது உண்மை. எச்டிஎம்எல்லிலோ அந்த இடைநிலை தோற்றம் மட்டுமே. ஜாவாஸ்கிரிப்டால்தான் அதை அமைக்க முடியும், படிவத்தோடு அது அனுப்பப்படுவதும் இல்லை.

இவற்றுக்கு எதிராக இரண்டு வாதங்கள் வழக்கமாக வரும். யாரும் எதையும் படிப்பதில்லை, கட்டத்தை எப்படி அமைத்தால் என்ன என்பது ஒன்று. படிக்காத பழக்கத்தை உண்டாக்கியவர்களே அதைச் சான்றாகக் காட்டுவது வேடிக்கை. படித்தாலும் படிக்காவிட்டாலும் விளைவு ஒன்றே என்று பல ஆண்டுகளாகப் பழக்கப்படுத்தப்பட்டவர் எதற்காகப் படிப்பார்?

நிர்வாகத்துக்குத் தரவு தேவை, எல்லோரும் மறுத்துவிட்டால் வேலை எப்படி நடக்கும் என்பது மற்றொன்று. இது நேர்மையான கவலை; அதற்கு நேர்மையான விடையும் உண்டு. அரசு தரும் நலன்கள், சான்றிதழ்கள் போன்ற சிலவற்றுக்குச் சம்மதம் இன்றியே தரவைக் கையாளச் சட்டத்தின் 7ஆம் பிரிவு நிபந்தனைகளோடு இடம் தருகிறது. அப்படிப்பட்ட இடத்தில் கட்டமே வேண்டியதில்லை; இன்ன தரவு இன்ன காரணத்துக்காகப் பெறப்படுகிறது என்று சொல்லிவிட்டால் போதும். அதிகாரத்தால் எடுத்துக்கொள்வதைச் சம்மதத்தால் பெற்றதுபோலக் காட்டுவதுதான் மோசடி. சட்டம் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது, அதுவரை பொறுக்கலாம் என்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: சம்மதம் முறையாகப் பெறப்பட்டதா என்ற கேள்வி எழும்போது, அதை மெய்ப்பிக்கும் பொறுப்பைத் தரவைப் பெற்றவர் மீதுதான் அச்சட்டம் சுமத்துகிறது.

ஆய்வு நெறியாளர்களும் இதில் கைகழுவிவிட முடியாது. ஐசிஎம்ஆரின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், பங்கேற்பவரின் தன்விருப்பத்தையும் எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமையையும் வலியுறுத்துகின்றன. ஆனால் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியரே வினாநிரலை அனுப்புகிறார். மின்னஞ்சல் முகவரி பதிவாகிறது. முதல் பக்கத்தில் 'மனமுவந்து பங்கேற்கிறேன்' என்ற கட்டாயக் கட்டம். யார் பங்கேற்கவில்லை என்பது அக மதிப்பெண் போடுபவருக்குத் தெரியும். அந்த மனமுவப்பை எந்த நெறிமுறைக் குழு அளந்து பார்த்தது?

செய்ய வேண்டியவை அரிய காரியங்கள் அல்ல. ஒரு கட்டத்துக்கு ஒரு செய்தி. உறுதிமொழியைக் கட்டாயமாக்கலாம், சம்மதத்தைக் கட்டாயமாக்கக் கூடாது. சம்மதக் கட்டம் எப்போதும் காலியாகவே திறக்க வேண்டும். 'இல்லை' என்ற விடையும் முக்கியமான இடத்தில் செக்பாக்ஸைத் தவிர்த்து, எதுவும் தேர்ந்தெடுக்கப்படாத 'ஆம்', 'இல்லை' பொத்தான்களைத் தர வேண்டும். ஒருமுறை தேர்ந்த ரேடியோ பொத்தானைச் சொடுக்கி நீக்க முடியாது என்பதால், 'சொல்ல விரும்பவில்லை' என்ற மூன்றாவதும் உடனிருக்கட்டும். விடையளிக்காதவரின் இடம் தரவுத்தளத்தில் வெற்றிடமாகவே நிற்கட்டும். அதில் சுழியத்தை நிரப்ப எவருக்கும் உரிமையில்லை.

ஆய்வக வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வியைக் கூட்டினால் இதில் பாதி நடந்துவிடும். செக்பாக்ஸை உருவாக்கிக் காட்டும் மாணவரிடம், 'இதைக் காலியாக விடுபவருக்கு என்ன நேரும்?' என்று ஆசிரியர் கேட்கட்டும். அதற்கு விடை தெரியாதவர் கட்டத்தை இன்னும் உருவாக்கி முடிக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றாத ஆசிரியர் பாடத்தை இன்னும் தொடங்கவே இல்லை.