அக்காளுக்குத் தண்ணீர், தங்கைக்குப் பஞ்சு

சமையலறை அலமாரியில் இருக்கும் ஏலக்காய் டப்பாவை ஒரு நிமிஷம் திறந்து பாருங்கள். பாயசத்துக்கு நாலு காய் தட்டிப் போடுகிறோமே, இது எந்த ஊர்ச் சரக்கு என்று கடைக்காரரைக் கேட்டால், "போடி ஏலக்காய், அம்மா! முதல் தரம்!" என்பார். போடிநாயக்கனூருக்குப் போய்ப் பார்த்தாலோ, ஏலச் செடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காயை ஏலம் விடும் கூடம் இருக்கிறது. குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து பச்சை வேறு, வெளுப்பு வேறு என்று கை ஓயாமல் பொறுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். செடிகளில் பெரும்பாலானவை இருப்பது மலைக்கு அப்பால், கேரளத்து இடுக்கி ஜில்லாவில். விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறிப் போய், பொழுது சாயும்போது திரும்புகிற கூலிப் பெண்களோ தேனிப் பக்கத்தவர்கள்.

தேனி ஜில்லாவைப் புரிந்துகொள்ள இந்த ஏலக்காய் ஒன்றே போதும். அதன் செல்வத்தில் பெரும் பங்கு மலைக்கு அப்பாலிருந்து வருகிறது.

ஆனி, ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து வரும் மேகம் குமுளியில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கம்பத்துக்கு இறங்கி வருவது வெறும் காற்று. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தெருவில் நடக்க வேண்டும்! அந்தக் காற்றையும் விடுவதில்லை. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் அதில் மின்சாரம் எடுக்கின்றன. ஆனால் காற்றைக் குடித்து நெல் விளையாதே!

கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைவதற்குக் காரணம், மலையில் குடைந்த ஒரு சுரங்கம். மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிய பெரியாற்றைக் கருங்கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு அணை கட்டி மறித்தார், கர்னல் பென்னிகுவிக். 1887-ல் தொடங்கிய வேலை. 1895 அக்டோபரில் தண்ணீர் கிழக்கே திரும்பியது. சுரங்கத்தின் நீளம் ஒரு மைலுக்குச் சற்று மேல். இன்று அந்தத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் பெரிய இரும்புக் குழாய்கள் வழியாக இறங்கி, மின்சாரம் கொடுத்துவிட்டு, வயலுக்குப் போகிறது. பொங்கலன்று பென்னிகுவிக் பெயரைச் சொல்லிப் பானை வைக்கும் ஊர்கள் இங்கே உண்டு. வெள்ளைக்காரருக்குப் பொங்கலா என்று சிரிக்காதீர்கள். சோறு போட்டவருக்கு நன்றி சொல்ல நமக்கு வேறு எந்த முறை தெரியும்?

தண்ணீர் வந்த பிறகு பள்ளத்தாக்குக்கு நெல் மட்டும் போதவில்லை. பன்னீர் திராட்சைப் பந்தல்களைப் பாருங்கள். மற்ற இடங்களில் திராட்சைக்கு ஒரு பருவம். இங்கே கடுங்குளிர் கிடையாததால் கொடியைக் கவாத்து செய்யும் நாளை மாற்றி மாற்றி வைத்து, வருஷம் பூராவும் பழம் பறிக்கிறார்கள். 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சரி, தங்கையின் கதைக்கு வருவோம். கம்பம் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே மேகமலை. அதற்கும் கிழக்கே இன்னொரு பள்ளத்தாக்கு, வருசநாடு. ஒரே வீட்டில் பிறந்த அக்காள் தங்கை மாதிரி. அக்காளுக்குப் பெரியாறு வாய்த்தது. வைகை நதியோ தங்கையின் வீட்டில் பிறக்கிறது. ஆனாலும் வருஷத்தில் பல மாதம் அங்கே மணலாகத்தான் கிடக்கிறது. வைகைக்கு நம்பிக்கை வடகிழக்குப் பருவமழை. அது ஒரு வருஷம் வந்தால் ஒரு வருஷம் பொய்க்கும். ஆகவே அங்கே முருங்கையும், முந்திரியும், இலவ மரமும். நீங்கள் தலை வைத்துப் படுக்கும் இலவம் பஞ்சுத் தலையணை, கடமலைக்குண்டுப் பக்கத்து மலைச் சரிவிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

மதுரைச் சகோதரிகள், "வைகைத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள்" என்று பெருமையாகச் சொல்வார்கள். 1959-ல் திறந்த வைகை அணையில் பெரியாற்றுத் தண்ணீரும் கலந்தே நிற்கிறது. சித்திரையில் அழகர் இறங்குவதற்காகத் திறந்துவிடும் நீரிலும் கேரளத்து மழை கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

அணையின் நீர்மட்டத்தை 142 அடியாக்குவதா, 136 அடியோடு நிறுத்துவதா என்று இரு ராஜ்யங்களும் ஏன் இவ்வளவு வழக்காடின என்பது இப்போது புரியும். குழாயை அடியில் வைக்காமல் நடுவில் வைத்த அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். 104 அடிக்குக் கீழே உள்ள நீர் சுரங்கத்துக்கு எட்டாது. அதற்கு மேலே உள்ளதுதான் நமக்கு. மேலே குறையும் ஒவ்வோர் அடியும் நம் பங்கில் குறைவு. 1979-ல் அணையின் பலத்தைப் பற்றிப் பயம் எழுந்து மட்டத்தை இறக்கினார்கள். பிறகு அணையைப் பலப்படுத்தினார்கள். 142 அடி வரை தேக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2006-லும் 2014-லும் சொன்னது. ஆனால் அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் ஒரு தாய், அடை மழை இரவில் குழந்தையை அணைத்துக்கொண்டு விழித்திருக்கிறாளே, அவளுடைய பயத்தைத் தீர்ப்புக் காகிதம் துடைத்துவிடுமா? கம்பத்துக்காரருக்கு இதைச் சொன்னால் கோபம் வரும். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

வருசநாட்டுக்கு இப்படி வழக்காடக்கூட ஒரு நதி இல்லை. அதற்கு வேறு வழக்கு. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைக் காடுகளைப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தலையில் காடு அடர்ந்தால் வைகையில் நீர் ஊறும் என்பது நியாயம்தான். அந்தச் சரிவிலேயே இலவம் வைத்து, முந்திரி வைத்து, பிள்ளை குட்டிகளோடு இருப்பவர்கள், "நாங்கள் எங்கே போவது?" என்று கேட்கிறார்கள். அதுவும் நியாயமாகத்தான் இருக்கிறது.