வெட்டுப்புள்ளி அளவுகோலாகுமா?

கிழக்கிலங்கையின் காரைதீவைத் தமிழுலகம் நன்கறியும். 1892ஆம் ஆண்டு விபுலாநந்த அடிகள் தோன்றிய ஊர் அது. பெயரால் அதனை நெருங்கி ஒத்த மேற்கிலங்கையின் கரைத்தீவை அறிந்தோர் மிகச் சிலரே. புத்தளம் நகருக்கு வடக்கே, கலா ஓயா கடலோடு கலக்கும் பகுதிக்கும் வில்பத்துக் காட்டுக்கும் அண்மையில், தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் வாழும் கரையோர ஊர் அது. பேரறிஞர் ஒருவரின் பெயரால் ஓர் ஊர் அறியப்படுவதில் குற்றமில்லை. ஆனால், ஒரு பள்ளிக்கூடம் அவ்வாறு மதிப்பிடப்படும்போது, அதாவது அதனுள் நுழைந்த பிள்ளைகள் அனைவரையும் விடுத்து, பெயர்பெற்று வெளியேறிய ஒரு பிள்ளையைக் கொண்டு அதன் தரம் உரைக்கப்படும்போது, குற்றம் தொடங்குகின்றது. இன்று இலங்கையின் ஆரம்பப் பாடசாலைகள் பெரும்பாலும் அவ்வாறே மதிப்பிடப்படுகின்றன. கரைத்தீவு போன்ற ஊர்களின் பாடசாலைகளுக்கு இம்மதிப்பீடு அநீதி மட்டுமன்று, அழிவுமாகும்.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையே இம்மதிப்பீட்டின் ஒரே கருவி. ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பத்து வயதுப் பிள்ளைகள் அதற்குத் தோற்றுகின்றனர். பெறுபேறுகள் வெளிவந்த மறுநாள், வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படங்கள் பள்ளி வாயில்களிலும் சந்திகளிலும் பதாகைகளாக எழுகின்றன. படமுள்ள பள்ளி நல்ல பள்ளி. படமில்லாத பள்ளி விழுந்த பள்ளி. பெற்றோர் இவ்வாறு கருதுவதை மன்னிக்கலாம். அவர்களுக்கு வேறு செய்தி எதுவும் எட்டுவதில்லை. கல்வி அலுவலரும் ஆசிரியரும், யாவருக்கும் மேலாகப் பல்கலைக்கழகத்தாரும், அவ்வாறே கருதுவதை எங்ஙனம் மன்னிப்பது?

வெட்டுப்புள்ளி எதனை அளக்கின்றது?

வெட்டுப்புள்ளி என்பது யாது? பத்து வயதுப் பிள்ளை அறிந்திருக்க வேண்டியவை இவையென வரையறுத்து அமைத்த எல்லைக்கோடு அன்று அது. உதவிப்பணத்துக்கும் பெயர்பெற்ற பாடசாலைகளுக்கும் உரிய இடங்களின் தொகைக்கேற்ப, மாவட்டந்தோறும் மொழிமூலந்தோறும் வகுக்கப்படும் பங்கீட்டுக்கோடு அது. நாட்டின் பாடசாலைகள் யாவும் ஓராண்டில் இருமடங்கு முன்னேறினாலும் கோடும் உடனுயரும். தாண்டுவோர் தொகை ஏறத்தாழ அவ்வளவே இருக்கும். பெரும்பாலோர் தாண்டாதிருத்தற்கென்றே அமைந்த ஒரு கோட்டைக் கொண்டு, தாண்டாதவர் பயின்ற பள்ளியைத் தரங்குறைந்தது என்பது தர்க்கமாகாது. இருக்கை நாற்பது உள்ள பேருந்தில் ஏறாதவரெல்லாம் நடக்கத் தெரியாதவர் என்பதை ஒக்கும் அது.

இனி எண்ணின் குறைபாட்டை நோக்கலாம். ஐந்தாந் தரத்தில் எண்மர் மட்டுமே பயிலும் சிற்றூர்ப் பள்ளியில் ஒரு பிள்ளை சித்தியடைந்தால் சித்தி வீதம் 12.5, அப்பிள்ளை அன்று காய்ச்சலுற்றால் வீதம் சூனியம். ஒரு காய்ச்சலில் தலைகீழாகும் எண்ணைக் கொண்டு ஐந்தாண்டுக் கற்பித்தலுக்குத் தீர்ப்பு எழுதலாகாது என்பது புள்ளிவிபரவியலின் அரிச்சுவடியைப் பயின்ற எவருக்கும் விளங்கும். ஆனால், சிற்றூர்ப் பாடசாலைகளுக்குத் தீர்ப்புகள் அவ்வாறே எழுதப்படுகின்றன.

எல்லாவற்றினும் பெரிய குறைபாடு பிறிதொன்று. பத்து வயதுப் பிள்ளையின் புள்ளியில் பள்ளியின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு என்பதை அப்புள்ளி கூறுவதில்லை. 1966இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த கோல்மன் அறிக்கை, மாணவரின் அடைவு வேறுபாடுகளைப் பள்ளி வசதிகளைக் காட்டிலும் குடும்பப் பின்னணியே மிகுதியாக விளக்குகின்றது என்றது. இலங்கையில் இதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. பெருந்தொற்றினால் பாடசாலைகள் நெடுநாள் மூடிக்கிடந்த 2021ஆம் ஆண்டுக்குரிய புலமைப்பரிசில் பரீட்சை 2022 சனவரியில் நடந்தது. அவ்வாண்டில் அளக்கப்பட்டது பள்ளியா, அன்றி வீட்டிலிருந்த கைபேசியும் அதற்குப் பணம் செலுத்த வல்ல தந்தையுமா?

கரையோரத்துப் பிள்ளை எந்நிலையில் முதலாந் தரத்துக்கு வருகின்றது என்பதும் நோக்கற்பாலது. கடலின் பருவத்தோடு வருவாய் ஏறியிறங்கும் வீடு அதனுடையது. சோளகம் வீசும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்; அடுப்பெரிவதே அரிதாகும் நாட்களில் மாதிரி வினாத்தாளுக்கும் மேலதிக வகுப்புக்கும் பணம் ஏது? தொழிலின் பொருட்டு வேறு கரைக்கு வாடியமைத்துச் செல்லும் குடும்பத்தின் பிள்ளைக்குப் பள்ளிநாட்களே குறைகின்றன. ‘உம்மா, வாப்பா’ எனப் பழகிய நாவுக்குப் பாடநூலின் எழுத்துத் தமிழ் மேலும் ஒரு படி. நகரத்து உத்தியோகத்தரின் பிள்ளை அப்படியின்மேல் நின்றே பள்ளிக்குள் நுழைகின்றது. இருவரையும் ஐந்தாண்டின் பின் ஒரே கோட்டில் நிறுத்தி, உயர்ந்து நிற்பவரின் பள்ளியே சிறந்ததென்பது ஏணியை விடுத்து உயரத்தை மட்டும் அளப்பதாகும்.

பதினெட்டு வயதில் இவ்வுண்மையை இந்நாடே ஏற்றுக்கொள்கின்றது. பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்தனவாகக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. அவ்வனுமதி முறை பற்றிய கருத்து வேறுபாடுகள் எவ்வாறாயினும், புள்ளியை அது பெறப்பட்ட இடத்தோடு சேர்த்தே வாசித்தல் வேண்டும் என்னும் கொள்கை அதனுள் உண்டு. ஐந்தாந் தரப் பரீட்சையிலும் மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறுபடுகின்றது. ஆனால், ஒரே மாவட்டத்துள் நகரத்துப் பெரும்பள்ளியும் காட்டோரத்துச் சிறுபள்ளியும் ஒரே கோட்டின்கீழ் நிற்கின்றன. மாவட்டங்களுக்கிடையே காணப்படும் ஏற்றத்தாழ்வு மாவட்டத்தினுள் காணாமற்போவது ஏன்?

பழைய பிழையின் புதிய வடிவம்

பரீட்சைப் பேற்றினால் பள்ளியை நிறுக்கும் வழக்கம் புதியதன்று. 1862இல் இங்கிலாந்தில் றொபேட் லோவின் திருத்தச் சட்டக்கோவை, வாசிப்பு, எழுத்து, எண் ஆகிய மூன்றிலும் பிள்ளைகள் காட்டிய தேர்ச்சிக்கேற்ப அரச நன்கொடையை நிர்ணயித்தது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டதை அடுத்து இலங்கையிலும் அம்முறை புகுந்தது. பரிசோதகர் வரும் நாளுக்கென்று ஆண்டு முழுவதும் பிள்ளைகள் ஆயத்தம் செய்யப்பட்டனர். வாசிப்பு நூலை மனனஞ் செய்த பிள்ளை, நூலைத் தலைகீழாகப் பிடித்தபோதும் ஒப்புவிக்க வல்லதாயிற்று. கவிஞராகவும் பாடசாலைப் பரிசோதகராகவும் விளங்கிய மத்தியூ ஆர்னல்ட் அம்முறை பள்ளியை இயந்திரமாக்குகின்றதெனத் தம் அறிக்கைகளில் ஓயாது கண்டித்தார். அந்நூற்றாண்டு முடியுமுன்பே இங்கிலாந்து அதனைக் கைவிட்டது. பணத்துக்குப் பதிலாகப் பதாகையைக் கொடுக்கும் இன்றைய முறை, அப்பழைய பிழையின் புதிய வடிவமேயன்றி வேறன்று.

புலமைப்பரிசில் ஏழைப் பிள்ளைக்கு ஏணியன்றோ, அதனைப் பழித்தல் தகுமோ என்னும் எதிர்வாதம் எழக்கூடும். சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா 1940களில் இலவசக் கல்வியையும் மத்திய கல்லூரிகளையும் நிலைநாட்டியபோது, வசதியற்ற கிராமத்துப் பிள்ளைக்கு உயர்கல்வியின் வாயிலைத் திறப்பதே புலமைப்பரிசிலின் நோக்கமாக இருந்தது. அந்நோக்கம் போற்றற்குரியது, ஏழைப் பிள்ளைக்கு உதவிப்பணம் கிடைத்தலும் வேண்டும். ஈண்டு மறுக்கப்படுவது பரிசில் அன்று. ஒரு பிள்ளைக்கு உதவுதற்கென அமைந்த கருவியைக் கொண்டு பள்ளியொன்றை நிறுப்பதே மறுக்கப்படுகின்றது. காய்ச்சலை அளக்கும் கருவி பயனற்றதன்று. அதனால் நெல்லை அளக்க முற்படுவதே பேதைமை.

வறுமையைக் காட்டிச் சோம்பலுற்ற பள்ளிகளுக்குச் சாக்குத் தேடித் தருவதா என்பது இரண்டாவது எதிர்வாதம். இதற்கும் விடையுண்டு. 1983இல் 29 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்த ஹைன்மனும் லொக்ஸ்லியும், வறிய நாடுகளில் மாணவர் அடைவின்மீது பள்ளியினதும் ஆசிரியரினதும் தரம் செலுத்தும் செல்வாக்கு, செல்வ நாடுகளிற் காண்பதைவிடப் பெரிது என்று காட்டினர். கோல்மன் கண்டது அமெரிக்க நிலை. நூலும் கல்வியும் வீட்டிலே இல்லாதவிடத்துப் பள்ளியே யாவும் ஆகின்றது. ஆகவே கரைத்தீவின் ஆரம்பப் பாடசாலை மதிப்பீட்டிலிருந்து விலக்குப் பெறத்தக்கதன்று. நகரப் பள்ளியிலும் பார்க்கக் கூடிய கண்டிப்போடு அது மதிப்பிடப்படல் வேண்டும். ஆனால், அது உண்மையிற் செய்யும் பணியைக் கொண்டே மதிப்பிடப்படல் வேண்டும்.

பிழையின் விளைவு

தவறான அளவுகோல் தவறான செய்தியைத் தருவதோடு நிற்பதில்லை. அளக்கப்படும் பொருளையே சிதைக்கின்றது. வெட்டுப்புள்ளியை எட்டக்கூடிய இருவர் மூவரின் பக்கம் ஆசிரியரின் கவனம் சாய்கின்றது. எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளை பின்வாங்கிலேயே ஐந்தாண்டையும் கழித்துவிடுகின்றது. சித்தியடைந்த பிள்ளை நகரத்துக்குப் பெயர்கின்றது. பள்ளியின் வெற்றியே அதன் இழப்பாகின்றது. பதாகையில்லாத பள்ளியிலிருந்து வசதியுள்ள பெற்றோர் பிள்ளைகளை விலக்கிக்கொள்கின்றனர். ஆசிரியர் ஆளணி மாணவர் தொகையைக் கொண்டே கணிக்கப்படுவதால், பிள்ளைகள் குறைய ஆசிரியரும் குறைகின்றனர். ஆசிரியர் குறையப் பிள்ளைகள் மேலும் குறைகின்றனர். வேறெங்கும் செல்ல இயலாத வறியவரின் பிள்ளைகளே ஈற்றில் எஞ்சுகின்றனர். பின்னர் அப்பள்ளி தரங்குறைந்தது என்று சொல்லப்படும். அப்போது அது உண்மையாகவும் ஆகிவிடும்.

புத்தளத்துப் பள்ளிகள் சுமந்த சுமையை எந்தப் பதாகையும் கூறியதில்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பகுதியினர் இம்மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். இருந்த வாங்குகளிலும் மரநிழல்களிலும் ஓலைக் கொட்டில்களிலும் அகதிப் பிள்ளைகளுக்கு இடமளித்து எழுத்தறிவித்த பள்ளிகளின் தரத்தை எந்த வெட்டுப்புள்ளி அளந்தது?

தமிழ் பயில்வோர் மனங்கொள்ளத்தக்க வேறொன்றும் உண்டு. கற்பிட்டியில் 1807இல் பிறந்து, 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் ‘தமிழ் புளூராக்’ எனத் தொகுத்தளித்த சைமன் காசிச்செட்டியின் கரை இது. இக்கரையின் தென்பகுதியில், சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடைப்பட்ட ஊர்களில், ஒருகாலத்தில் தமிழை வீட்டுமொழியாகக் கொண்டிருந்த மீனவக் குடும்பங்கள் பல இருபதாம் நூற்றாண்டில் சிங்களம் பேசுவனவாயின. பள்ளியின் போதனாமொழி மாறியமை அதற்குரிய தலையாய காரணங்களுள் ஒன்று. ஒரு மொழி உயர்ந்தது, பிறிதொன்று தாழ்ந்தது என்பதன்று இதன் பொருள். ஒரு தலைமுறையின் நாவையே மாற்றவல்ல ஆற்றல் ஆரம்பப் பாடசாலைக்கு உண்டென்பதே பொருள். அத்தகைய நிறுவனம் வெட்டுப்புள்ளிக் கணக்கில் தோற்று மூடுண்டால், இழக்கப்படுவது ஒரு கட்டடம் மட்டுமன்று.

மெய்யான அளவுகோல்

அவ்வாறாயின் சிற்றூர்ப் பள்ளியை எதனால் நிறுப்பது? கேட்கவேண்டிய வினாக்கள் நான்கே. முதலாந் தரத்தில் நுழைந்த பிள்ளைகளுள் எத்தனைபேர் ஐந்தாந் தர முடிவுவரை நிலைத்தனர்? மூன்றாந் தர இறுதியில், முன்பு கண்டிராத சிறுபந்தியொன்றை வாசித்துத் தன் சொல்லில் பொருள்கூற வல்லார் எத்தனைபேர்? ஆண்டின் பள்ளிநாட்களுள் எத்தனை நாட்கள் வகுப்பில் ஆசிரியர் இருந்தார். வந்த ஆசிரியர் எத்தனை ஆண்டு தங்கினார்? கடைசி வாங்குப் பிள்ளை, தான் தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்தது?

நான்காவது வினாவுக்கு விடையில்லை என்பது பொய். 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதலாந் தரத்தில் சேரும் ஒவ்வொரு பிள்ளையினதும் புகுநிலைத் தேர்ச்சிகளை ஆசிரியர் இனங்காண வேண்டும் என்றது. முதன்மைநிலைதோறும் அடையவேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளையும் வகுத்தது. தொடக்கமும் உண்டு, இலக்கும் உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து பெற்றோர் முன் வைக்கும் மனமே இல்லை. ஐந்தாந் தரத்தில் எண்மருள் ஒருவரும் வெட்டுப்புள்ளியைத் தாண்டாது, எண்மரும் பிழையற வாசிக்கும் பள்ளியொன்றையும், நாற்பதின்மருள் பன்னிருவர் தாண்டிப் பதின்மர் வாசிக்கத் தெரியாதிருக்கும் பள்ளியொன்றையும் அருகருகே வைத்து நோக்கினால், எது சிறந்த பள்ளி என்பதில் ஐயமிராது. பதாகை எதற்குக் கட்டப்படும் என்பதிலும் ஐயமில்லை.

இதில் பல்கலைக்கழகத்தின் பங்கு சிறிதன்று. விடுமுறையில் ஊர் செல்லும் பல்கலைக்கழக மாணவர் புலமைப்பரிசில் கருத்தரங்கு நடத்துகின்றனர். மாதிரி வினாத்தாள் ஆக்கி வழங்குகின்றனர். விரிவுரையாளர் பரிசளிப்பு மேடைகளில் சித்தியடைந்தோருக்கு மாலையிடுகின்றனர். நல்லெண்ணத்தோடு செய்யப்படினும், அவ்வொவ்வொரு செயலும் தவறான அளவுகோலுக்குப் பட்டம் பெற்றோர் இடும் கையொப்பமாகும். ஏணியில் ஏறி வந்தோர், ஏறாதோரைக் கணக்கில் கொள்ளாதிருப்பது எளிது. அக்கருத்தரங்குக்குச் செலவாகும் இரண்டு நாட்களில், சிற்றூர்ப் பள்ளியொன்றின் மூன்றாந் தரப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தனித்தனியே இருத்தி வாசிக்கச் செய்து, தடுமாறுவோர் யாவர், எவ்வெழுத்தில் தடுமாறுகின்றனர் என்பதைக் குறித்து ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டு வரலாம். அதற்குப் பதாகை எழாது, மாலையும் விழாது.

கரைத்தீவின் ஆரம்பப் பாடசாலை இன்னொரு விபுலாநந்தரைத் தரவேண்டும் என்று எவரும் கேட்கத் தேவையில்லை, தந்தால் நன்று. அதனுள் நுழைந்த பிள்ளைகளுள் ஒன்றேனும் எழுத்தறியாது கடலுக்குச் செல்லவில்லை என்று அது கூற முடிந்தால், அதுவே நல்ல பள்ளி. அவ்வாறு கூற முடியாத பள்ளி, வாயிலில் எத்தனை படங்கள் தொங்கினும், நல்ல பள்ளியன்று.