அடிகளார் குறித்த எண்

14,75,73,95,25,89,67,64,12,927. இருபத்தோர் இலக்கங்கள் கொண்ட இவ்வெண்ணை நம் இல்லத்துப் பிள்ளைகள் வாசித்து முடிக்கவே சற்று நேரமாகும். இதனை அடையும் வழியோ எளிது. 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் போதும்.

இவ்வாறு பிறக்கும் எண்களை ஆராய்ந்தவர் பிரான்சு நாட்டு மரேன் மெர்சென் அடிகளார் (1588–1648). பவோலா நகர்ப் புனித பிரான்சிஸ் நிறுவிய மினிம் சபைத் துறவி அவர். பாரிசு நகர மடத்தில் வாழ்ந்தவாறே ஐரோப்பிய அறிஞர் பலரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தார்.

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்று பள்ளியில் கற்றிருக்கிறோம். மூன்று இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 7. ஐந்து இரண்டுகளெனில் 31. இவை பகா எண்கள். பதினோர் இரண்டுகளெனில் 2047. அது 23, 89 ஆகியவற்றின் பெருக்கற்பலன். எத்தனை இரண்டுகளுக்குப் பகா எண் கிடைக்கும் என்று 1644-ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்ட அடிகளார், 67-ஐயும் அதில் சேர்த்தார்.

232 ஆண்டுகள் கழித்து, 1876-இல், பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்காஸ் அது பகா எண் அன்று என நிறுவினார். வியப்பு யாதெனில், அதனை வகுக்கும் எண் எதுவென்று அவரும் அறியார். வகுக்கும் எண்ணைக் காணாமலே, வகுபடும் என்பதை மெய்ப்பிக்கும் முறையை அவர் கண்டிருந்தார்.

எஞ்சிய விடை 1903 அக்டோபரில் நியூயார்க்கில் வந்தது. அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல் கரும்பலகையில் இவ்வெண்ணைக் கணித்து எழுதினாராம். பின்னர் 19,37,07,721 என்பதையும் 7,61,83,82,57,287 என்பதையும் பெருக்கிக் காட்டினாராம். இரு விடைகளும் ஒன்றே! ஒரு சொல்லும் பேசாது அவர் அமர, அவையோர் கைதட்டி மகிழ்ந்தனர் என்பர். இதற்கு எவ்வளவு காலமாயிற்று என்று பின்னாளில் வினவியபோது, மூன்றாண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்று அவர் விடையிறுத்ததாகவும் கூறுவர்.

அடிகளாரின் புகழ் இதனால் மங்கிவிடவில்லை. இவ்வகைப் பகா எண்கள் இன்றும் மெர்சென் பகா எண்கள் என்றே வழங்குகின்றன. 2024-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட, 4 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்களுடைய பகா எண்ணும் அவர் பெயரையே தாங்குகிறது. உண்மையை நேர்மையுடன் தேடியவர் ஓரிடத்தில் தவறினும், அவர் தொடங்கி வைத்த தேடல் வீண்போவதில்லை.

லூக்காஸ் தவற்றைக் கண்டார். கோல் சரியானதைக் காட்டினார். இடையே 27 ஆண்டுகள் கழிந்தன. நம் குடும்பங்களிலும் பிள்ளையின் தவற்றைச் சுட்ட ஒரு நொடி போதும். உடனிருந்து சரியானதைக் காட்டவோ பல ஞாயிறுகள் வேண்டும். திருப்பலி முடிந்து இல்லம் திரும்பும் அந்நாளில், நம் பிள்ளைகளுக்கென்று எவ்வளவு நேரத்தை ஒதுக்குகிறோம்?