ஆற்காடு போரில் தோற்கவில்லை

'துப்பாக்கி பலத்தால்தான் வெள்ளைக்காரன் நாட்டைப் பிடித்தான்' என்ற வாதம் ஆற்காட்டில் எடுபடாது. நவாப் முகமது அலி கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) எதிரியல்ல, கூட்டாளி. தனக்குக் காவல் நின்ற கும்பினிப் படைக்கு அவரே செலவு கொடுக்க வேண்டும். கையில் பணமில்லாதபோது கொழுத்த வட்டிக்குக் கடன் கொடுத்தவர்கள் யார்? பால் பென்ஃபீல்டு போன்ற சென்னைக் கும்பினி ஊழியர்களேதான்! ஈடாக எழுதி வாங்கியது ஊர்களின் வரி வசூலை. நவாபின் வட்டியைக் குடியானவன் களத்து நெல்லால் கட்டினான்.

1801-இல், முகமது அலிக்குப் பின் நவாபான அவர் மகன் உம்தத்-உல்-உமரா இறந்ததும், ஆட்சியை எழுதித்தர மறுத்த வாரிசு அலி உசேனை ஒதுக்கிவிட்டு, இணங்கிய அசிம்-உத்-தௌலாவுக்குப் பட்டம் கட்டினார்கள். அவருக்கு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. நிர்வாகம் முழுக்கக் கும்பினிக்கு. அரண்மனையைச் சுற்றிப் படை நின்றது உண்மை. ஆனால் அந்தப் படைக்கு அத்தனை காலமும் சம்பளப் பணம் கொடுத்தது நவாபின் கஜானா.