தேடவும் சோதிக்கவும் கற்பிப்போம்

‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்தின்கீழ் 2025 ஜனவரி முதல், நாடெங்கும் உள்ள சுமார் 6,300 அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களைப் படிக்க வழி பிறந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கப்பட்டுள்ளது. வரவேற்க வேண்டிய முயற்சி இது. ஆனால், அந்த இதழ்களில் வேண்டியதைத் தேடவும், கிடைத்ததைச் சோதிக்கவும் மாணவர்களுக்கு யார் கற்றுத்தருவது?

ஆய்வு, வெளியீட்டு நெறிகள் குறித்த இரண்டு கிரெடிட் பாடத்தை முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் கட்டாயமாக்கியது. போலி ஆய்விதழ்களை அடையாளம் காண்பதும் அதில் அடக்கம். ஆனால், கூகுளில் முதலில் வருவதையும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தருவதையும் அப்படியே எடுத்தெழுதும் பழக்கம் இளநிலைப் படிப்பிலேயே வேரூன்றிவிடுகிறது. இல்லாத நூல்களைக்கூட ஆதாரமாகக் காட்டக்கூடியவை அந்தச் செயலிகள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் எஸ்.ஆர்.ரங்கநாதன், வாசகருக்கு வழிகாட்டுவதை நூலகரின் தலையாய கடமையாகக் கருதினார். அந்த மரபைக் கல்லூரிகள் மீட்டெடுக்க வேண்டும். தகவலைத் தேடுவதையும் சோதிப்பதையும் இளநிலை முதலாண்டிலேயே மதிப்பெண்ணுடன் கூடிய பாடமாகச் சேர்த்து, பாட ஆசிரியரும் நூலகரும் இணைந்து நடத்த வேண்டும். காலியாக உள்ள நூலகர் பணியிடங்களையும் தாமதமின்றி நிரப்ப வேண்டும். ஆதாரத்தைச் சரிபார்க்கத் தெரியாத ஒருவருக்குப் பட்டம் வழங்குவது, உயர்கல்வி தன் கடமையிலிருந்து தவறுவதாகும்.