சரக்கு, சங்கிலி, தோள்: ஒரு கடன் விண்ணப்பத்தை முன்வைத்து

"லோடு தூக்கறதுக்கு எம்பிஏ எதுக்குய்யா?"

கேட்டவர் எங்கள் கிளை மேலாளர். மேசையில் கிடந்தது ஒரு கல்விக்கடன் விண்ணப்பம். படிப்பு என்ற கட்டத்தில் லாஜிஸ்டிக்ஸ், சப்ளை செயின் மேலாண்மையில் முதுநிலைப் பட்டம். தகப்பனார் தொழில் என்ற கட்டத்தில் சுமை தூக்கும் தொழிலாளி. இரண்டையும் சேர்த்து வாசித்ததில் வந்த சிரிப்பு அது. கிளையே சிரித்தது. நகை மதிப்பீட்டாளர்கூட தராசை வைத்துவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். உதட்டை ஓரமாகக் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன். பன்னிரண்டு வருஷ வங்கி உத்தியோகம் கொடுத்த பழக்கம். இந்தக் கட்டுரையை அதற்கான அபராதமாக வைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே.

பையன் எங்க தெருதான். என்னைச் சித்தப்பா என்பான். அப்பா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை ஏத்துறவர். நாலு லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்கிற விதியை எடுத்துக் காட்டினேன், அவ்வளவுதான், வாதாடவில்லை. கடன் கிடைத்தது. இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறான்.

மேலாளர் சிரித்தது எனக்குப் புரிகிறது. நம் தோழர்கள் முகம் சுளித்ததுதான் புரியவில்லை. "அது முதலாளிக்கு ஆள் தயார் பண்ற படிப்பு. சட்டம் படிக்கச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார் ஒருவர். நம் பிள்ளைகள் சட்டம், ஆசிரியப் பயிற்சி, சமூகப்பணி, தமிழ் இலக்கியம் படித்தால் நமக்கு மகிழ்ச்சி. சரக்கும் கணக்கும் படித்தால் கட்சி மாறினவனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறோம். கவிதை எழுதுகிறவன் நான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். நம்மிடம் கவிஞர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள். எந்தப் பொருள் எந்த வழியாக எவன் தோள் மேல் போக வேண்டும் என்று தீர்மானிக்கிற மேசையில் நம் ஆள் எத்தனை பேர்? அம்பேத்கர் 1923இல் வெளியிட்ட புத்தகம் ரூபாயின் சிக்கலைப் பற்றியது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தபோதுதான், 1945இல், நீர்வழி, பாசனம், கப்பல் போக்குவரத்துக்கான மத்திய ஆணையம் உருவானது. ஆறுகளில் சரக்குப் படகு போவதைப் பற்றி யோசித்த மனிதரை நாம் சட்டப் புத்தகத்தோடு சிலையாக மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பையன் பாடக் குறிப்புகளைக் கொண்டுவருவான். சேர்ந்து வாசிப்போம். எனக்கு நிஜமாகவே பிடித்த படிப்பு அது. 1913இல் ஃபோர்ட் ஹாரிஸ் என்பவர் ஒரு சமன்பாடு எழுதினார். அடிக்கடி சரக்கு தருவித்தால் தருவிக்கிற செலவு கூடும், மொத்தமாக வாங்கிப் போட்டால் குடோன் செலவு கூடும், இரண்டுக்கும் நடுவில் எத்தனை வாங்கலாம் என்பதற்கான கணக்கு. எங்க தெரு மளிகைக் கடை ஆத்தா மனசுக்குள்ளேயே போடுகிற கணக்குதான். 1956 ஏப்ரலில் மால்கம் மக்லீன் என்ற லாரி முதலாளி 58 அலுமினியப் பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். ஒரு டன் ஏற்ற அதுவரைக்கும் ஐந்தே முக்கால் டாலருக்கு மேல் ஆனது, பெட்டியில் 16 சென்ட்தான் ஆனது என்று பாடத்தில் பெருமையாக இருக்கிறது. அந்த மிச்சம் எதிலிருந்து வந்தது? துறைமுகத் தொழிலாளியின் கூலியிலிருந்து. இதைச் சொல்ல மட்டும் பாடத்தில் ஒரு வரி இல்லை.

பிறகு டொயோட்டா கம்பெனியின் தாய்ச்சி ஓனோ. வீண் என்று அவர் ஏழு விஷயங்களைப் பட்டியல் போட்டார். தேவைக்கு மேல் உற்பத்தி, காத்திருத்தல், தேவையில்லாத வேலை, தேங்கிய சரக்கு, பழுது இவற்றோடு, பொருளை இடம் மாற்றுவது, ஆள் நடப்பது குனிவது நிமிர்வது. இவையும் வீண். பொருளின் மதிப்பில் இவை ஒரு காசும் கூட்டுவதில்லையாம். பரீட்சையில் எழுதினால் முழு மார்க்.

அன்றைக்குப் பையன் நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னான்: "எங்கப்பன் வாழ்க்கை முழுசும் இந்த லிஸ்ட்ல இருக்கு சித்தப்பா. தூக்குறது, நடக்குறது, காத்திருக்குறது. மொத்தமும் வேஸ்ட்டுன்னு போட்டிருக்கான்."

எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு இருவரும் கூட்ஸ் ஷெட்டுக்குப் போனோம்.

தஞ்சை வட்டாரத்திலிருந்து வெளி மாவட்டங்களுக்கு நெல் போகிறது. ஒரு சரக்கு ரயிலில் 42 வேகன், சுமார் 2000 டன். மூட்டை 40 கிலோ. அப்படியானால் ஒரு ரயிலுக்கு 50,000 மூட்டை. கொள்முதல் நிலையத்தில் அட்டி போடும்போது ஒரு தோள். லாரியில் ஏத்த ஒரு தோள். ஷெட்டில் இறக்க, வேகனில் ஏத்த, போய்ச் சேர்ந்த ஊரில் இறக்க, அரவை ஆலைக்கு மறுபடி லாரியில் ஏத்த, அங்கே இறக்க. அரிசி ஆகி ரேஷன் கடைக்கு வருவதற்குள் இன்னும் எத்தனை தோளோ. குறித்த நேரத்துக்குள் வேகனில் ஏற்றி முடிக்காவிட்டால் ரயில்வே டெமரேஜ் போடும். வேகன் சும்மா நின்றால் அதற்குக் காசு உண்டு. விடிகாலையிலேயே வந்து, வேகன் எப்போ வரும் என்று தெரியாமல் சும்மாட்டுத் துணியை விரித்துப் படுத்திருக்கிற மனுசனுக்குக் காசு கிடையாது, அவனுக்கு மூட்டைக் கணக்குத்தான். காத்திருத்தல் வீண் என்று ஓனோ சொன்னார் அல்லவா, அது வேகனுக்குத்தான் போலிருக்கிறது.

அங்கே நின்றபோது எனக்கு உறைத்தது ஒன்று. ஷெட்டில் ஃபோர்க்லிஃப்ட் இல்லை, கன்வேயர் பெல்ட் இல்லை. ஏன்? பையனின் புத்தகத்தில் இதற்கு விடை இருக்கிறது. எந்திரத்துக்கு ஆகிற செலவையும் ஆள்கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், எது குறைவோ அதை எடு. சரி. அந்த ஆள்கூலி ஏன் அவ்வளவு குறைவாக இருக்கிறது? புத்தகம் இங்கே வாயை மூடிக்கொள்கிறது. 'கூலி நிலவரம்' என்று அதை மழை வெயில் மாதிரி, கொடுக்கப்பட்ட எண்ணாக எடுத்துக்கொள்கிறது. நிலம் இல்லாமல் ஆக்கப்பட்ட, வேறு வேலைக்குள் விடப்படாத, பாட்டன் காலத்திலிருந்து சுமக்கப் பழக்கப்பட்ட உடல்கள் ஊருக்கு ஊர் தயாராக இருக்கும்போது எவன் எந்திரம் வாங்குவான்? சாதி என்ற சொல் அந்தப் பாடத்திட்டத்தில் எங்குமே கிடையாது. ஆனால் சமன்பாட்டுக்குள் ஓர் எண்ணாக உட்கார்ந்துகொண்டிருக்கிறது. விடையைத் தீர்மானிப்பதே அதுதான்.

இன்னும் அப்பட்டமாகப் பார்க்க வேண்டுமானால் கழிவுநீர்க் குழிக்குள் எட்டிப் பாருங்கள். சரக்கு போன வழியே திரும்பி வருவதை, கழிவை, பழசை அப்புறப்படுத்துவதை ரிவர்ஸ் லாஜிஸ்டிக்ஸ் என்று ஒரு தனிப் பாடமாக வைத்திருக்கிறார்கள். மறுசுழற்சி, பசுமை என்று அழகழகான படங்கள். 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம், 2014இல் சாவுக்குப் பத்து லட்சம் என்று உச்ச நீதிமன்றம், 2023இல் அதையே முப்பது லட்சம் ஆக்கிய உச்ச நீதிமன்றம். எந்திரம் இருக்கிறது. இருந்தும் ஆள் இறங்குகிறான். யார் இறங்குகிறான் என்று நான் எழுதித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

இதைச் சொன்னதும் எந்திரமே வேண்டாம் என்று கிளம்புகிற தோழர்களும் உண்டு. எந்திரம் வந்தால் சங்கத்து ஆளுக்கு வேலை போய்விடும் என்ற பயம் பொய்யில்லை. ஆனால் தோளைப் புனிதமாக்குகிற வேலை நமக்கு வேண்டாம். காந்தியத்தின் எந்திர வெறுப்பை அம்பேத்கர் 1945இல் எழுதிய நூலில் கிழித்துப் போட்டார். மனுசனுக்கு ஓய்வு வேண்டும், எந்திரம்தான் அதைத் தரும் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான். எந்திரம் வரட்டும். எப்போ வரணும், வந்தால் மிச்சமாகிற காசு யாருக்கு, தோளை இறக்கி வைத்தவன் எங்கே போவான் என்பதைப் பேச அந்தப் பாடம் தெரிந்த நம் ஆள் எதிரே உட்கார வேண்டும்.

சப்ளை செயின் மேலாண்மை என்ற பெயர் 1982இல் கீத் ஆலிவர் என்ற ஆலோசகர் பொதுவெளியில் சொன்னது. பெயர்தான் புதுசு. 1788இல் அடிமை ஒழிப்பு இயக்கத்தார் அச்சிட்ட 'புரூக்ஸ்' கப்பலின் படத்தைப் பார்த்திருப்பீர்கள், மனித உடல்களை இடம் வீணாகாமல் அடுக்கிக் காட்டிய படம். நவீன லாஜிஸ்டிக்ஸின் பிறப்பிடமே அட்லாண்டிக் அடிமை வணிகம்தான் என்று ஹார்னியும் மோட்டனும் 2013இல் எழுதினார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு நம் பாட்டன் பாட்டிகளைக் கங்காணி ஓட்டிக்கொண்டு போனதும் ஒரு சங்கிலிதான். போனவர்களில் பெரும்பகுதி சேரி ஜனம். தோட்டத்தின் எண் அடித்த தகர டிக்கெட் ஒன்று கையில். அதைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்துப் பேரில், பிறகு அது கூலியாளின் கடன் கணக்கில். கடனை எழுதிக் கையில் கொடுத்த சீட்டுக்குப் பெயர் 'துண்டு', 1921இல்தான் ஒழித்தார்கள். இன்றைக்கு அட்டைப்பெட்டியில் ஒட்டுகிற பார்கோடைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தகரம்தான் ஞாபகம் வருகிறது. சரக்கைச் சுமந்தவர்கள் மட்டுமல்ல நாம், சரக்காகவே போனவர்கள்.

இந்த வரலாறு பாடத்தில் இல்லை. சட்டமும் இல்லை. மகாராஷ்டிரத்தின் மாதாடி சட்டம் 1969, கேரளத்தின் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் 1978, நம் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982. ஒரு ஆணின் மேல் 55 கிலோவுக்கு அதிகம் ஏற்றக் கூடாது என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் வருஷப் பரிந்துரை. கண்டெய்னரின் நீளம் அகலம் உயரம் மூன்றும் தெரிந்த பையனுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியவில்லை. தப்பு அவன் மேல் இல்லை.

கடைசிப் பருவத்துக்கு ப்ராஜெக்ட் செய்யணும். கூட்ஸ் ஷெட்டில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை நடை, எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம் காத்திருப்பு என்று ஒரு மாசம் எண்ணி எழுது என்றேன். வழிகாட்டிப் பேராசிரியர் "டேட்டா கிடைக்காதுப்பா, குளிர்பதனக் கிடங்கு எதையாவது எடு" என்றாராம். வீட்டில் வந்து சொல்லியிருக்கிறான். அவன் அப்பா, முதுகில் தைலம் தேய்க்கக் கொடுத்துக்கொண்டே, "கிடைக்காதுன்னு யாருடா சொன்னது? உங்க வாத்தியாரு எப்பவாச்சும் வந்து கேட்டாரா?" என்று கேட்டிருக்கிறார்.

பையன் தலைப்பை மாற்றவில்லை. எண்ணுவதற்கு இன்னும் நாலைந்து பேர் வேண்டும். இந்த மாதிரிப் படிப்புகளில் இருக்கிற மாணவத் தோழர்கள் யாராவது இருந்தால் பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள். அறுவடை தொடங்கினதும் வேகன் வர ஆரம்பித்துவிடும்.