அடைமொழி இழந்த மலை

பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயல் மிதிவண்டிப் பயணத்துக்கு ஏற்ற நிலம் என்பதில் ஐயமில்லை. கோலாரின் அந்தரகங்கைப் பாறைக்குன்றுகளில் தொடங்கி, கோடிலிங்கேசுவரர் கோயில் அமைந்த கம்மசந்திரா வழியாகத் தங்கவயலைக் கடந்து, பாலாற்று நீர் தேங்கும் பேத்தமங்கலம் ஏரியில் பயணத்தை முடிக்கலாம். கால்களைச் சோதிக்கும் ஏற்றங்களும், கேழ்வரகு வயல்களும், மாந்தோப்புகளும் வழியெங்கும் உண்டு.

உறுத்துவது ஒரு சொல்தான். ஊரின் நடுவே எழும் வெளிறிய மேடுகளை 'மலை' எனக் குறித்து, அதன்மேல் வண்டியோட்டுவதைச் சாகசமாகப் பரிந்துரைக்கும் போக்கு பெருகிவருகிறது. 2018இல் வெளியான 'கே.ஜி.எஃப்' திரைப்படத்திற்குப் பின் ஆர்வம் இன்னும் கூடியுள்ளது. அவை மலைகள் அல்ல. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய காலம் முதல் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்படும் வரை, தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட அரைகல் கழிவு. அளவு மூன்று கோடி டன்னுக்கும் மேல். சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வெட்டியெடுத்த பாறையே மேலே மேடாக நிற்கிறது. இவ்வூரின் உண்மையான பள்ளத்தாக்கு கண்ணுக்குப் புலப்படாதது.

உள்ளூரார் அதைச் 'சயனைடு மலை' என்பர். வந்து செல்வோர் அடைமொழியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துச் செல்கின்றனர். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்போர் காற்று மாதங்களில் அங்கே ஒரு நாள் தங்கிப் பார்க்கலாம். மேட்டின் இறுகிய மேற்பரப்பைச் சக்கரங்கள் உடைத்தால் பொடி எளிதில் கிளம்பும். வண்டியோட்டி முகக்கவசம் அணிந்து மாலையே ஊர் திரும்பிவிடுவார். பொடி படிவது அடிவாரக் குடியிருப்புகளின் சோற்றுப்பானையில். சிலிக்கோசிஸில் மூச்சு முட்டி மாண்ட சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் அங்கே வாழ்கின்றனர். தலித் தமிழர் பெரும்பான்மையாகக் கட்டியெழுப்பிய ஊர் அது.

ஏரியும் வெறும் காட்சியன்று. சுரங்கத்துக்கும் தொழிலாளர் லைன்களுக்கும் குழாய்வழித் தண்ணீர் அனுப்பிய நீர்த்தேக்கம். இதை அறிந்தபின் கரையில் இளைப்பாறுவதில் சுவை குறைந்துவிடப் போவதில்லை.

எனவே பாதையை மாற்ற வேண்டும். பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. மேடுகளின் மீது ஏறாமல், மாரிகுப்பம் ரயில் நிலையத்தில் தொடங்கட்டும். சுரங்கம் மூடியபின் ஆயிரக்கணக்கானோர் பெங்களூர் வேலைக்கு விடியுமுன் ரயிலேறும் இடம் அது. அங்கிருந்து சாம்பியன் ரீஃப், உரிகம் லைன்களின் ஊடே சென்று, அங்குள்ள கடைகளில் தேநீர் அருந்தி, ஓய்வுபெற்ற தொழிலாளர் ஒருவரையோ அவர் பேத்தியையோ ஊதியம் கொடுத்து வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டு, ராபர்ட்சன்பேட்டை வழியே ஏரிக்குச் செல்லலாம். மேடுகளைச் சாலையிலிருந்தே நன்றாகப் பார்க்க முடியும்.